ஸ்பிளிட்டிங் மெஷின் வாங்கும் முன் பிளேடை யார் தீட்டுவது என்று கேளுங்கள்

டெல்டாப் பக்கம் பெல்ட், பை, செருப்பு, பர்ஸ் என்று சிறிய அளவில் தோல் வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தோலை ஒரே சீரான கனத்துக்கு இறக்கும் ஸ்பிளிட்டிங் மெஷின் தேவைப்படும். கையில் இருக்கிற தோல் 3 எம்.எம். கனம், வேலைக்கு வேண்டியது 2 எம்.எம். கத்தியால் சீவினால் ஓரிடம் மெலியும், ஓரிடம் தடித்தே நிற்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மெக்கானிக், பிளேடு, உதிரி பாகம் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ உட்கார்ந்திருக்கிற நமக்கு அப்படி இல்லை. பிளேடு மழுங்கினால் எங்கே கொண்டுபோவது என்று சொல்லக்கூட ஆள் கிடைக்காது. நான் இதில் போதுமான அளவு அலைந்துவிட்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே கழற்றி, நீங்களே தீட்டி, நீங்களே மாட்ட முடிகிற பிளேடு உள்ள மெஷின்தான் நம் ஊருக்குச் சரி. விலை, பிராண்டு, அகலம் எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. மெஷின் தேவையா என்று முதலில் பாருங்கள்

தோலை எங்கே வாங்குகிறீர்கள்? திருச்சி, திண்டுக்கல், ஈரோடு தோல் ஷாப்புகளிலோ சென்னை பெரியமேட்டிலோ வாங்குகிறீர்கள் என்றால், வேண்டிய கனத்துக்கு இறக்கித் தர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். அவர்களிடமோ கூலிக்கு வேலை செய்து தரும், அவர்களுக்குத் தெரிந்த ஜாப் ஒர்க் இடத்திலோ பெரிய மெஷின் இருக்கும். ஒரு முழுத் தோலையே ஒரே சீராக இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கான கூலியையும், ஒரு மாதத்தில் நீங்கள் எத்தனை தோல் இறக்குவீர்கள் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பர்ஸ், மெல்லிய பை மட்டும் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மெஷினே வேண்டியிருக்காது.

ஒரே தோலிலிருந்து 3.5 எம்.எம். பெல்ட், 2 எம்.எம். பை வார், 1 எம்.எம். உள்பட்டை என்று பல கனங்கள் எடுக்கிறவர்களுக்குத்தான் மெஷின் உண்மையில் லாபம். செருப்பு வார் செய்கிறவர்களும் இதில் சேர்த்தி.

2. ஸ்கைவிங் மெஷினை ஸ்பிளிட்டிங் என்று வாங்கிவிடாதீர்கள்

கடையில் இரண்டையும் "தோல் சீவுற மெஷின்" என்றே சொல்வார்கள். ஸ்கைவிங் மெஷினில் மணி வடிவத்தில் ஒரு வட்டக் கத்தி சுற்றும். மடித்துத் தைக்க வேண்டிய ஓரத்தை மட்டும் மெலிய வைப்பது அதன் வேலை. பெரும்பாலானவற்றில் 50 எம்.எம். அகலத்துக்கு மேல் போகாது. முழு வாரையோ முழுத் துண்டையோ ஒரே கனத்துக்கு இறக்குவது ஸ்பிளிட்டிங். விற்பவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "4 அங்குல அகலத் துண்டை 3 எம்.எம்.மிலிருந்து 2 எம்.எம்.முக்கு இறக்க வேண்டும், முடியுமா?" என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

3. மூன்று வகையில் உங்களுக்கு எது

இழுக்கும் வகை. ஒரு நேரான பிளேடு அசையாமல் நிற்கும், அதை ஒட்டி ஓர் உருளை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கடைசியில் நிற்கும் கனம். தோலின் முகப்பு, அதாவது முடி இருந்த வழவழப்பான பக்கம், உருளையைப் பார்த்து இருக்க வேண்டும். சதைப்பக்கம் சீவப்பட்டு பிளேடின் மறுபக்கம் கழிவாக விழும். முதலில் நாலைந்து அங்குலம் உள்ளே விட்டு, நெம்புகோலை இறக்கி, இரு கையாலும் இழுக்க வேண்டும். அப்புறம் வாரைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன முனையை இழுக்க வேண்டும். கரண்ட் வேண்டாம். நாலு போல்ட் கழற்றினால் பிளேடு கையில் வந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 10 அங்குல பிளேடு என்றால் 10 அங்குலத் தோலை இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. அகலம் கூடக்கூட இழுக்கும் பலமும் கூட வேண்டும். விறைப்பான வெஜ் டேன் தோலில் (மரப்பட்டை போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்டது) மூன்று, நாலு அங்குலத்துக்கு மேல் போனாலே தோள் வலிக்கும். பெல்ட், வார் வேலைக்கு 6 அல்லது 8 அங்குலம் போதும். அகலமான பிளேடு வாங்கினால் தீட்டும் நீளமும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

கைப்பிடி சுற்றும் வகை. பிளேடு அதே நேர் பிளேடுதான். தோலை உருளைகளே இழுத்துக்கொள்ளும், நாம் கைப்பிடியைச் சுற்றினால் போதும். உடம்புக்குச் சுலபம், கனமும் சீராக வரும். ஆனால் இழுக்கும் உருளையில் பற்கள் வெட்டியிருந்தால், கொஞ்சம் ஈரமான வெஜ் டேன் முகப்பில் அந்த வரிவரியான தடம் விழுந்துவிடும். வெளியே தெரிகிற பெல்ட்டுக்கு அது ஆகாது. உருளையை விரலால் தடவிப் பார்த்து, முகப்பு எந்த உருளையில் படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட் நைஃப் வகை. முனையில்லாத வளையமாகப் பட்டை பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் இரண்டு சாணைக்கல் அதை ஓட ஓடத் தீட்டும். இத்தாலியின் கமோகா, ஜெர்மனியின் ஃபார்ச்சூனா போன்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். பட்டறைக்கு ஏற்ற அளவு என்றால் 300, 420 எம்.எம். அகலம். குரோம் உப்பில் பதனிட்ட மென்மையான தோலை அகலமாக இறக்க இதைவிட்டால் வழியில்லை. நேர் பிளேடு மெஷினில் அந்தத் தோல் மடங்கிச் சுருண்டு கிழிந்துவிடும்.

விலை லட்சங்களில் போகும். சாணைக்கல் தேயும், பிளேடும் தேய்ந்து குறுகிக்கொண்டே வரும். ஒவ்வொரு மாடலுக்கும் பட்டையின் நீளமும் அகலமும் வேறு. கல்லின் கோணம் மாறிவிட்டால் சரிசெய்யத் தெரிந்த ஆள் வர வேண்டும். அந்த ஆள் தஞ்சாவூரில் இருக்கிறாரா என்று கேளுங்கள். சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் போக்குவரத்து, தங்கல், கூலி மூன்றும் உங்கள் தலையில். தினமும் ஓட்டும் அளவுக்கு ஆர்டர் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த வேலையை ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவது மேல்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது கைப்பிடி சுற்றும் வகை. கையில் காசு இறுக்கமாக இருந்தால் இழுக்கும் வகை. இரண்டுமே கரண்டை நம்பியில்லை. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரண்ட் வர எவ்வளவு காலம் ஆனது என்பதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மிருதங்கம், தவில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதனிடாத காய்ந்த எருமைத் தோல் வாரை இந்த மெஷினில் விடாதீர்கள். அது எலும்பு மாதிரி இறுகியிருக்கும், பிளேடு முனை ஒரே இழுப்பில் பொரிந்து, சில்லு பெயர்ந்துவிடும்.

4. உங்கள் தோலைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்

டெமோவுக்கு விற்பவர் எடுக்கும் தோல் எப்போதும் வழவழவென்று வெட்டுப்படும். அது அந்த மெஷினுக்கென்றே தேர்ந்தெடுத்த தோல். எனக்கு ஒரு விற்பனையாளர் காட்டிய டெமோ அப்படித்தான் இருந்தது. என் பையிலிருந்த வெஜ் டேன் வாரை எடுத்து நீட்டியதும் பேச்சு மாறிவிட்டது. நீங்கள் தினமும் வெட்டும் தோலில் விறைப்பானது ஒன்று, மெல்லியது ஒன்று, வயிற்றுப்பகுதித் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். வயிற்றுப்பகுதி இழுபடும், மெஷினின் குறை அதில்தான் தெரியும்.

கூடவே கனம் அளக்கும் திக்னஸ் கேஜ் ஒன்று எடுத்துப்போங்கள். வாரை பிளேடின் இடது ஓரத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை விட்டு மூன்றையும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் வேறாக வந்தால் உருளை சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்தத் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் மட்டும் கனமாக வந்தால் பிளேடு நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. பழைய மெஷின்களில் இது சாதாரணமாக இருக்கும், ஏனென்றால் எல்லோரும் வாரை நடுவிலேயே விடுவார்கள்.

பழைய மெஷின் என்றால் இன்னும் இரண்டைப் பாருங்கள். பிளேடில் தீட்ட இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது, முனையில் நீல நிறம் ஏறியிருக்கிறதா. நீலம் இருந்தால் யாரோ காய்ந்த சாணையில் வைத்து எரித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கூர் நிற்காது. புது பிளேடு கிடைக்கும் என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

புதியது வாங்கினால் உபரி பிளேடு ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், தேவைப்படும் நாளில் "ஸ்டாக் இல்லை" என்பார்கள். ஒன்று தீட்டும்போது மற்றொன்று ஓடும்.

5. பில், கடன், மானியம்

கொட்டேஷனில் மெஷினின் மாடல், பிளேடின் நீளம், உபரி பிளேடு, பேக்கிங், லாரி வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். தோல் வேலை மெஷின்கள் எச்.எஸ்.என். (ஜி.எஸ்.டி.க்கான சரக்கு வகைக் குறியீடு) 8453 என்ற தலைப்பில் வரும். பில்லில் அது சரியாக இருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உங்கள் எண் பில்லில் ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு வர வேண்டிய மின்னணு ரசீதான ஈ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 1 லட்சம் ரூபாய்க்கு மேல்.

கடனுக்கு முன் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் ஆதார், பான் இருந்தால் இலவசமாகவே முடியும். பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து மாவட்டத் தொழில் மையம். கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பிய கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. விண்ணப்பத்தில் தொழிலின் பெயரைத் திட்டப் பட்டியலில் இருக்கிறபடியே எழுதுங்கள். நீங்களாக ஒரு பெயர் வைத்தால் திரும்பி வரும்.

பொதுவாகக் கேட்பவை: ஆதார், பான், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக், கொட்டேஷன், பட்டறை இடத்தின் வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு வரி ரசீது. இரண்டு செட் நகல் எடுத்து வையுங்கள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கடன் அனுமதி வரும் முன்பே மெஷினை வாங்கிவிட்டால் மானியம் போய்விடும். விற்பவர் "ஆஃபர் இந்த வாரம்தான்" என்று அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். கொட்டேஷன் 15 நாள், 30 நாள்தான் செல்லும் என்று எழுதித் தருவார்கள். வங்கி வேலை அதற்குள் முடியாது. 90 நாள் செல்லுபடி என்று எழுதி வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள்.

6. மெஷின் வந்து இறங்கும் அன்று

பார்சல் ஆபீஸிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். வார்ப்பிரும்பு உடம்பு கீழே விழுந்தால் விரிசல் விடும். கையெழுத்துப் போட்டபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மேசை அசையவே கூடாது. இழுக்கும் வகைக்கு மேசையைச் சுவரோடோ தரையோடோ போல்ட் போட்டு இறுக்குங்கள். அசைகிற மேசையில் சீவினால் தோலில் அலை அலையாக வரி விழும். பலர் அதற்குப் பிளேடைக் குறை சொல்வார்கள்.

ஒரே இழுப்பில் 1 எம்.எம். இறக்கப் பார்க்காதீர்கள். ஒரு தடவைக்கு 0.3 முதல் 0.5 எம்.எம். என்று இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். முதல் நாளிலிருந்தே வாரை இடம், நடு, வலம் என்று மாற்றி மாற்றி விடப் பழகுங்கள். பிளேடு நேராகவே தேயும்.

7. பிளேடைத் தீட்டுவது

மழுங்கியதைக் கண்டுபிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. சீவிய சதைப்பக்கம் வழவழப்பாக இல்லாமல் நூல் நூலாகப் பிசிர ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. அதைத் தாண்டி இழுத்துக்கொண்டே இருந்தால் வார் நீளும், முகப்பு வெடிக்கும், தோல் வீண்.

தேவையான சாமான் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். கண்ணாடிக் கடையில் பிளேடின் நீளத்தைவிடப் பெரியதாக 10 எம்.எம். கனக் கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பெயிண்ட் கடையில் தண்ணீர் போட்டுத் தேய்க்கிற எமரி தாள் 400, 800, 1200, 2000 நம்பர்களில் வாங்குங்கள். பலகையில் ஒட்டிய வெஜ் டேன் பட்டை ஒன்று, அதில் தடவப் பச்சை பாலிஷ் கட்டி, கறுப்பு மார்க்கர், வெட்டுப்படாத கையுறை. கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்தும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கழற்றும் முன் பிளேடின் மேல்புறத்தில் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போடுங்கள். சரிவு (முனையை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய பகுதி) எந்தப் பக்கம் இருந்தது, எந்த முனை இடது என்று அரைமணி நேரம் கழித்துக் குழப்பம் வரும். தலைகீழாக மாட்டினால் தோல் மேலே ஏறி ஓடும் அல்லது உள்ளே குத்தும்.

இப்போது சரிவு முழுவதும் மார்க்கரைப் பூசுங்கள். 400 தாளைக் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டு ஒட்டி, சரிவு தாளில் முழுதாகப் படியும்படி வைத்து, கூர்முனையிலிருந்து பின்பக்கம் நோக்கி ஒருமுறை மட்டும் இழுத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறது? முனையில் மட்டும் அழிந்திருந்தால் தூக்கிப் பிடிக்கிறீர்கள். பின்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்திப் பிடிக்கிறீர்கள். சரிவு முழுக்க அழிகிற வரை கையைத் திருத்துங்கள். கை நிற்காதவர்கள் ஆசாரியிடம் அந்தக் கோணத்துக்கு ஒரு மரக்கட்டை சீவி வாங்கி, பிளேடை அதில் பொருத்தித் தள்ளலாம். கம்பெனி கொடுத்த கோணத்தை மாற்ற வேண்டாம். மெலிதாக்கினால் முதல் நாள் அருமையாக வெட்டும், மறுநாள் முனை மடங்கிவிடும்.

தள்ளும்போது முனையை முன்னால் விட்டுத் தள்ளக் கூடாது, தாள் கிழியும். எப்போதும் பின்னோக்கியே இழுங்கள். பிளேடின் நீளம் முழுக்க ஒரே அழுத்தம் வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முனையிலிருந்து விலகும் திசையில் மெதுவாகத் தடவினால் தட்டுப்படும். முனையோடு சேர்த்துத் தடவினால் விரல் போய்விடும். இந்த முனை முதல் அந்த முனை வரை பிசிறு எழுந்த பிறகுதான் அடுத்த தாள். பாதியில் எழவில்லை என்றால் அந்த இடம் இன்னும் மழுங்கல்தான்.

பிசிறை எடுக்க, தட்டையான பக்கத்தை 2000 தாளில் முழுக்கப் படுத்தி நாலு இழுப்பு. துளிகூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்தப் பக்கமும் ஒரு சரிவு விழுந்து, பிளேடு ஏறவோ இறங்கவோ ஆரம்பிக்கும். கடைசியாகத் தோல் பட்டையில் பச்சைக் கட்டி தடவி, இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள். வெளிச்சத்தில் முனையைப் பார்த்தால் வெள்ளைக் கோடு எதுவும் தெரியக் கூடாது. கோடு மின்னுகிற இடம் கூர் ஏறாத இடம்.

ஸ்டீல் ஸ்கேலை முனை மேல் மெல்ல வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழிந்திருக்கிறது.

திரும்ப மாட்டும் முன் பிளேடையும் மெஷினையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். இது சும்மா சுத்தத்துக்காக இல்லை. வெஜ் டேன் தோலில் இருக்கும் துவர்ப்பும் ஈரமான இரும்புத் தூளும் சேர்ந்தால் தோலில் கருநீலக் கறை விழும். லேசான கறை எலுமிச்சைச் சாற்றில் போகும், ஆழமானது போகாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி இறுக்கி, கழிவுத் துண்டை இரு ஓரத்திலும் விட்டு அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தாளில் தேய்ப்பது எப்போதாவதுதான். தோல் பட்டையில் இழுப்பதைத் தினமும் வேலைக்கு முன் செய்யுங்கள். அதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்குத் தாள் அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

8. சாணைக்குக் கொடுக்க வேண்டி வந்தால்

முனை பொரிந்தாலோ நடு குழிந்தாலோ வீட்டில் சரிவராது. அப்போதும் தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்கிறவரிடமோ வெல்டிங் பட்டறையின் காய்ந்த கல்லிலோ கொடுக்காதீர்கள். அவர்கள் வேலை அரிவாளுக்குச் சரி. மெல்லிய பிளேடு முனை அங்கே நொடியில் சூடேறிவிடும். நீலம் ஏறியது என்றால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம், சாதாரண எஃகு அதற்குள் கடினத்தை இழந்திருக்கும்.

நம் ஊருக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. பக்கத்து அச்சகத்தில் போய், பேப்பர் கட்டிங் மெஷின் பிளேடை எங்கே சாணைக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதுவும் நீளமான நேர் பிளேடுதான், தண்ணீர் ஓட ஓட அரைக்கிற மெஷினில்தான் அதைத் தீட்டுவார்கள். மர இழைப்பகங்களிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். இல்லாவிட்டால் திருச்சி அரியமங்கலம், துவாக்குடி தொழிற்பேட்டைகளில் சர்ஃபேஸ் கிரைண்டிங் (இரும்பைச் சமதளமாக அரைப்பது) செய்கிற பட்டறைகள். போகும்போது நல்ல உபரி பிளேடைக் காட்டி, "இதே கோணம், தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக" என்று மூன்றையும் சொல்லுங்கள். பிளேடை இரு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துப்போங்கள். வாங்கி வந்ததும் 1200, 2000 தாளிலும் தோல் பட்டையிலும் இழுத்த பிறகே மாட்ட வேண்டும். சாணைக் கீறலோடு மாட்டினால் தோலில் கோடு விழும்.

9. ஐப்பசி, கார்த்திகை

அடைமழைக் காலத்தில் ஒரே இரவில் பிளேடில் துரு பூக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் கோடையிலும் பூக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு கழிவுத் துண்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரில் எண்ணெய்க் கறை விழும்.

மழைக்காலத்தில் தோலும் ஈரம் இழுக்கும். ஈரத்தோடு 2 எம்.எம்.முக்கு இறக்கியது காய்ந்தால் கொஞ்சம் குறைந்துவிடும். ஆர்டருக்குக் கனம் சரியாக இருக்க வேண்டுமென்றால், தோலை முந்தின நாளே ஃபேன் காற்றில் விரித்துப் போட்டு, மறுநாள் அளந்துவிட்டு மெஷினில் விடுங்கள்.